மூன்றாகப் பிரித்த திரிகை

கதைக்கு முன்னால் ஒரு விடுகதை. மேலே இருப்பவன் சுற்றுவான், கீழே இருப்பவன் சும்மா இருப்பான், இருவருக்கும் நடுவே போனவன் தூளாகி வெளியே வருவான். அது என்ன?

விடை தெரிந்தவர்கள் கையைத் தூக்க வேண்டாம். கதையிலேயே விடை வருகிறது.

மாடங்கள் நிறைந்த ஒரு நகரத்தை முறுக்குப் பிரியரான ஓர் அரசர் ஆண்டுவந்தார். அவருடைய பிறந்தநாளன்று நகரத்தில் ஆளுக்கு மூன்று முறுக்கு. மாவு திரிக்க ஆண்டுதோறும் முப்பது புதுத் திரிகைகள் வாங்குவார்கள். மறுநாள் அவற்றைப் புதிதாகத் திருமணமான வீடுகளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அந்தத் திரிகைகள் பாறையூரிலிருந்து வந்தன. கல் கொத்துபவர்களிடம் வாங்கி அனுப்பிவைக்கும் வணிகர் பெயர் தில்லைக்கூத்தர். அவர் மனைவி அலர்மேலு. மகள் பொன்னரும்பு, எட்டு வயது.

பாறையூரிலிருந்து தலைநகருக்குச் சரக்கு கொண்டுபோக மூன்று பேர் இருந்தார்கள். வண்டிக்காரர் சடையப்பர், ஓடக்காரர் முத்துவீரர், கழுதைக்காரர் ஊமைத்துரை. ஊமைத்துரை ஓயாமல் பேசுவார்.

முதலாம் ஆண்டு தில்லைக்கூத்தர் முப்பது திரிகைகளையும் சடையப்பர் வண்டியில் ஏற்றினார்.

"வேறு எவனுக்காவது ஒரு கல் கொடுத்தீர்களோ, என் மாடு கோபித்துக்கொள்ளும்" என்று சடையப்பர் சொல்லியிருந்தார்.

வண்டி புறப்பட்டது. ஊர் எல்லையில் ஒரு பூனை குறுக்கே போனது. சடையப்பர் சகுனம் பார்ப்பவர். வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டாம் நாளும் பூனை. மூன்றாம் நாளும் அதே பூனை. அது அவர் வீட்டுப் பூனைதான். எசமானர் எங்கே போகிறார் என்று பார்க்கப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

திரிகைகள் பிறந்தநாளுக்கு மறுநாள் போய்ச் சேர்ந்தன. அதற்குள் அரண்மனைச் சமையற்காரர் சோற்றை வட்டமாகச் சுற்றித் தட்டில் வைத்துவிட்டார். அரசர் கடித்துப் பார்த்தார். சத்தம் வரவில்லை.

இரண்டாம் ஆண்டு அலர்மேலு கணவரிடம் சொன்னாள்: "ஒருவனையே நம்பினால் இப்படித்தான். திரிகையை மூன்றாகப் பிரித்து மூன்று பேரிடமும் கொடுங்கள். ஒருவன் தாமதித்தாலும் மற்ற இருவர் போய்ச் சேருவார்கள்."

சொல்லிவிட்டு அவள் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். தில்லைக்கூத்தர் சொன்ன சொல்லைத் தட்டாதவர். திரிகையை மூன்றாகப் பிரித்தார்.

கீழ்க்கல் முப்பதும் வண்டியில். மேல்கல் முப்பதும் ஓடத்தில். கைப்பிடி முப்பதும் கழுதை மேல்.

"கனமானது மாட்டுக்கு, லேசானது கழுதைக்கு! எப்படி என் ஏற்பாடு?" என்று தமக்குத் தாமே மெச்சிக்கொண்டார்.

அந்த ஆண்டு சடையப்பர் பூனை மேல் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் புறப்பட்டார். வண்டி நேரத்துக்குப் போனது. கழுதைகளும் போயின. ஓடம் மட்டும் மணல்திட்டில் ஏறி நான்கு நாள் நின்றுவிட்டது.

அரண்மனையில் கீழ்க்கல் மேல் இன்னொரு கீழ்க்கல்லை வைத்துப் பார்த்தார்கள். இரண்டுக்கும் நடுவில் முளை. இரண்டு முளையும் ஆட்டுக்கடா போல முட்டிக்கொண்டன.

"இதை வைத்து நான் என்ன செய்ய?" என்று சமையற்காரர் கத்தினார். "ஆளுக்கொரு கல்லில் உட்கார்ந்து, ஆளுக்கொரு குச்சியால் முதுகைச் சொறிந்துகொள்ளலாமா?"

மூன்றாம் ஆண்டு அரசரிடமிருந்து ஓலை வந்தது. 'இம்முறையும் முறுக்கு இல்லையென்றால், இனி வேறு ஊரில் கல் வாங்குவோம்.'

பாறையூரில் கல் கொத்துபவர்கள் யாரும் அன்று உளியைத் தொடவில்லை. அரண்மனை வேலை போனால் அவர்கள் வீடுகளில் அடுப்பு எரியாது.

சரக்கு கொண்டுபோகும் மூவரும் தில்லைக்கூத்தர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"எல்லாவற்றையும் எனக்கே கொடுங்கள்" என்றார் சடையப்பர்.

"பூனைக்குப் பயந்தவரா பேசுவது?" என்றார் முத்துவீரர்.

"மணலில் ஓடம் விட்டவரா கேட்பது?" என்றார் ஊமைத்துரை. பிறகு தம் கழுதைகளின் அருமை பெருமைகளை உச்சிப்பொழுது வரை சொன்னார்.

தில்லைக்கூத்தருக்குத் தலை சுற்றியது. ஊர் வழக்கப்படி மூன்று ஓலைத் துண்டுகளில் மூவர் பெயரையும் எழுதிக் குடத்தில் போட்டார். "ஒன்றை எடு அம்மா" என்று மகளிடம் நீட்டினார்.

பொன்னரும்பு மூன்றையும் எடுத்தாள்.

"ஐயோ, போன ஆண்டும் மூவருக்கும்தானே பிரித்தேன்!"

"தலை உனக்கு, உடம்பு எனக்கு, கால் அவளுக்கு என்று பொம்மையைப் பிரித்தால் யார் விளையாட முடியும், அப்பா? ஆளுக்குப் பத்து முழுத் திரிகை கொடுங்கள்."

உள்ளேயிருந்து அலர்மேலு தலையில் அடித்துக்கொண்டாள். "நானும் அதைத்தானே சொன்னேன்!"

ஆளுக்குப் பத்துத் திரிகை. மேல்கல், கீழ்க்கல், கைப்பிடி எல்லாம் சேர்த்துக் கட்டினார்கள். தந்தையும் மகளும் கழுதைகளோடு நடந்தே போனார்கள். வழி நெடுக ஊமைத்துரை பேசினார்.

கழுதைகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஓடமும் வந்தது. வண்டியைக் காணோம். பூனை கூடையைத் தள்ளிவிட்டு வெளியே வந்திருந்தது.

இருபது திரிகைகள் பொழுது விடிந்ததிலிருந்து சுழன்றன. ஆளுக்கு மூன்று முறுக்குக்குப் பதில் இரண்டு கிடைத்தது. அரசர் கடித்தார். நொறுக்கென்ற சத்தம் கோட்டை வாசல் வரை கேட்டது.

"இனி என்றைக்கும் பாறையூர்க் கல்தான்" என்றார் அரசர்.

குழந்தைகளே, எல்லாவற்றையும் ஒருவரிடமே ஒப்படைக்காமல் பலரிடம் பிரித்துக் கொடுக்க வேண்டும், அப்படிக் கொடுக்கும்போது ஒவ்வொருவர் பங்கும் தனியாகவே பயன்படும்படி கொடுக்க வேண்டும்.

மறுநாள் சடையப்பரின் வண்டியும் வந்து சேர்ந்தது. ஊர் திரும்பும் வேளையில் அரசர் பொன்னரும்பைப் பார்த்துச் சிரித்தார்.

"உன்னை மூன்றாகப் பிரிக்க முடியாதே, இப்போது என்ன செய்வாய்? வண்டியா, ஓடமா, கழுதையா?"

பொன்னரும்பு ஊமைத்துரையைப் பார்த்தாள். அவர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"பூனை எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள்.

"வண்டியில்" என்றார்கள்.

பொன்னரும்பு ஓடத்தில் ஏறினாள்.