ஒரே சிலேட்டு

ஒரு விடுகதை. கேட்டதையெல்லாம் எழுதித் தருவாள். அவளிடம் இருப்பது ஒரே ஒரு சிலேட்டு. இரண்டாவது கேள்வி கேட்டவர் முதல் பதிலைத் தொலைப்பார். யார் அவள்? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

கலங்கரை விளக்கத்தின் அடியில் ஒரு கணினி வகுப்பு நடந்தது. மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வந்து, விசைப்பலகைகளின்மேல் படுத்திருந்தது. தூரத்தில் ஒரு கப்பல். மிதக்கிறதா பறக்கிறதா என்று தெரியவில்லை. அதில் வகுப்பு மாணவி நப்பின்னையின் அம்மா சமையல் வேலைக்குப் போகிறாள். மாலைக்குள் கப்பல் சிக்னல் எல்லையைத் தாண்டிவிடும்.

நப்பின்னை சி என்ற கணினி மொழியில் ஒரு நிரல் எழுதியிருந்தாள். அம்மாவுக்குக் கடிதம் டிசிபி என்ற வழியில் போகும். சேர்ந்ததும் தகவல் வரும். படகுகளுக்குப் பனி எச்சரிக்கை யுடிபி என்ற வழியில் போகும், வீசிவிட்டால் போதும். ஒவ்வொரு வழிக்கும் ஓர் எண் உண்டு. பெயரைச் சொன்னால் சி மொழியின் நூலகம், அதாவது அதனுடன் வரும் ஆயத்த நிரல்களின் தொகுப்பு, அந்த எண்ணைத் தேடித் தரும்.

அவள் இரண்டு பெயர்களுக்கும் எண் கேட்டு, பதில் இருக்கும் இடத்தை மட்டும் குறித்து வைத்துக்கொண்டாள். பிறகு பார்த்தால், இரண்டுக்கும் பதினேழு என்று இருந்தது.

"டீச்சர், நூலகம் பொய் சொல்லுது. கடிதம் கிளம்பவே மாட்டேங்குது."

"பாவம் நூலகம்," என்றார் மரகதம் டீச்சர். ஒரு சிலேட்டை எடுத்தார். "இப்ப நான்தான் நூலகம். கேளு."

"டிசிபி."

ஆறு என்று எழுதி, சிலேட்டை அவள் மடியில் வைத்தார்.

"அடுத்தது?"

"யுடிபி."

மடியிலிருந்த சிலேட்டை எடுத்தார். துடைத்தார். பதினேழு என்று எழுதி, மறுபடி மடியிலேயே வைத்தார்.

"இப்ப சொல்லு. டிசிபிக்கு என்ன எண்?"

நப்பின்னை மடியைப் பார்த்தாள்.

"அழிச்சிட்டீங்களே டீச்சர். இன்னொரு சிலேட்டு வாங்கக் கூடாதா?"

"நூலகத்துக்கு ஒண்ணுதான்."

கப்பல் பனிக்குள் பாதி கரைந்திருந்தது.

"அப்ப படகு எச்சரிக்கையை விட்டுடவா? ஒரு கேள்விதான்னா அழியாது."

"விடலாம். படகுக்காரங்க கோவிச்சுக்க மாட்டாங்க. நீ விட்டதே அவங்களுக்குத் தெரியாது."

நப்பின்னை மறுபடி சிலேட்டைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஆறு என் மடியிலதானே இருந்துச்சு?"

"சிலேட்டு இருந்துச்சு," என்றார் டீச்சர். "ஆறை நீ எடுத்துக்கவே இல்லையே."

நப்பின்னை நிரலில் ஒரு வரி சேர்த்தாள். முதலில் கடிதத்துக்குக் கேட்டாள். வந்த ஆறைத் தன்னிடம் எழுதிக்கொண்டாள். அதன் பிறகு படகுகளுக்குக் கேட்டாள். இம்முறை கடிதம் கிளம்பியது.