விசில் ஊதிக்கொண்டே பேர் சொன்ன சார்

இதை எனக்கு முதலில் சொன்னவன் என் இளைய மகன் சைமன், போன ஈஸ்டருக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது.

அவனோடு கல்லூரியில் கபடி ஆடிய பிள்ளை தவசி. எதிரணிப் பக்கம் பாடிப் போனால் தொட்டுவிட்டு வருவான். தன் பக்கம் நின்றால் பாடி வருகிறவனைப் பிடித்து விடமாட்டான். பெரிய லீக் அணிக்கு ஆள் எடுக்க வந்த வேலாயுதம் சார், கழுத்தில் விசிலோடு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"ரெண்டும் வரும்ங்கிறவனுக்கு ஒண்ணும் உருப்படியா வராதுடா. பாடிப் போயிக்கிட்டே ஆளைப் பிடிச்சும் காட்டு, எடுத்துக்கிறேன். இல்லன்னா நடையைக் கட்டு."

படிப்பு முடியப்போகிற தவசிக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

"காட்டிடறேன் சார். நீங்க விசில் ஊதிக்கிட்டே என் பேரையும் சொல்லி ஆரம்பிச்சு வைங்க."

"அதுக்கென்ன!" என்று அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே பேர் சொல்லப் பார்த்தார். எச்சில்தான் தெறித்தது. மைதானமே சிரித்தது.

"ரெண்டு வேலையும் நீங்கதானே சார் பாக்குறீங்க? ஒண்ணு முடிச்சு ஒண்ணு. நானும் அப்படித்தான்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "வாய்க்காரப் பயலே! முதல்ல பாடிப் போ, அப்புறம் பிடி."

இரண்டையும் பார்த்துவிட்டு, தோளில் கைபோட்டு அவரே அவனை அணிக்கு அழைத்துப் போனார்.

நாளைக்கு அவனுக்கு முதல் ஆட்டமாம். கபடியில் முதலில் அடிபடுவது முழங்கால்தான்; நீங்களும் அந்தப் பிள்ளையின் முழங்காலுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள்.