சங்கத்துப் பற்கள்

புரட்டாசி மாதத்துக் கடைசித் திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, கீரனேந்தல் முறுக்கு உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வைரவநாதன் அன்றைய முதல் முறுக்கைக் கடித்தார். கடித்துவிட்டு "சரி" என்று சொல்ல வேண்டும். பத்தொன்பது ஆண்டுகளாக அதுதான் அவருடைய உத்தியோகம். அன்று அவர் "அம்மா!" என்றார்.

செயலாளர் அம்பலவாணன் பதிவேட்டில் "அம்மா" என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார்.

"வைரவண்ணே, இதை எந்தக் கட்டத்துல போட? தேறுனதுலயா, தேறாததுலயா?"

வைரவநாதன் வலது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். அதை ஆமாம் என்றும் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம். ஆகவே கூட்டம் கூட்டினார்கள்.

சங்கத்தில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். தலைவர் பூவராகன், செயலாளர் அம்பலவாணன், முறுக்குச் சுற்றும் சொர்ணத்தம்மாள், அடுப்பைப் பார்க்கும் எட்டியப்பன், கடித்துப் பார்க்கும் வைரவநாதன். தீர்மானம் போடாமல் இவர்கள் எதையும் செய்ததில்லை. ஒருமுறை கூரையில் தீப்பிடித்தபோது, அணைப்பதென்றே மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது. அதற்குள் கூரை தன் முடிவைத் தானே எடுத்துக்கொண்டது.

நிலைமையைத் தலைவர் விளக்கினார். நகரத்து இனிப்புக் கடை ஒன்று தீபாவளிக்காக எண்ணாயிரம் முறுக்குக் கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வண்டி வரும். சங்கத்தின் ஏழாவது விதி இப்படிச் சொல்லிற்று: சரக்கில் ஒன்று வைரவநாதனின் வலது கீழ்க் கடைவாய்ப் பல்லால் கடித்துப் பார்க்கப்பட்டு, அவர் "சரி" என்று சொன்ன பிறகே எந்த முறுக்கும் வெளியே போகலாம். எட்டாவது விதி இன்னும் கடுமையானது. திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு "சரி"கூடச் சொல்லாதவர் அந்த உத்தியோகத்தை இழப்பார். எட்டியப்பன் அந்த நாற்காலியில் உட்காருவான்.

அந்த நாற்காலியைத் தவிர வேறெதிலும் உட்கார்ந்து வைரவநாதனுக்குப் பழக்கமில்லை.

"இடது பக்கத்துப் பல்லால கடிச்சாத்தான் என்ன?" என்றாள் சொர்ணத்தம்மாள்.

"விதியைத் திருத்தணும்க்கா. அதுக்கு இருபத்தோரு நாள் நோட்டீஸ் குடுக்கணும்," என்றார் அம்பலவாணன்.

"அப்ப இன்னைக்கே குடுத்துடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள இருபத்தோரு நாளும் ஆயிடாதா?"

விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்கள். ஆகாது என்று தெரிந்தது.

அப்போதுதான் தலைவருக்குப் பல் காப்பீட்டின் நினைவு வந்தது. ஆடி மாதத்தில் மெர்சி என்ற முகவர் பெண் வந்து, ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே அட்டையாகப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அட்டையில் "காப்பீடு பெறுபவர்" என்ற இடத்தில் சங்கத்தின் பெயர் இருந்தது. வேறெவர் பெயரும் இல்லை. அதை மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டு, அன்றே இவர்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: ஐந்து வாய்களிலும் உள்ள பற்கள் யாவும் இனிமேல் சங்கத்தின் பொதுச் சொத்து.

அன்று முதல் பொதுச் சொத்துக்கு உரிய மரியாதையோடுதான் நடந்துகொண்டார்கள். வீட்டில் எலும்பு கடிக்க விரும்பியவர்கள் முதல் நாளே எழுதிக் கொடுத்து அனுமதி பெற்றார்கள். மெர்சி கொடுத்த குறிப்புத் தாளில், ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு முறை பல் தேய்க்க வேண்டும் என்றிருந்தது. ஐந்து பேருக்குப் பத்து முறை. பல் பொதுவானால் தேய்ப்பதும் பொதுதானே என்று, அந்தப் பத்தையும் விடியற்காலையில் எழும் பழக்கமுள்ள எட்டியப்பனிடமே ஒப்படைத்துவிட்டார்கள். மற்ற நால்வரும் ஆடியிலிருந்து பல் தேய்க்கவில்லை. ஆனால் ஒரு நாளும் மனச்சாட்சி உறுத்தியதில்லை. இரண்டு வேளை உணவுக்கு நடுவில் இனிப்புத் தின்னக் கூடாது என்றும் அந்தத் தாளில் இருந்தது. சொர்ணத்தம்மாள் மூன்று வேளையும் ஜாங்கிரியே உண்டு, நடுநடுவே சோறு சாப்பிட்டு, அதைப் பிசகாமல் கடைப்பிடித்து வந்தாள்.

வைரவநாதன் கன்னத்திலிருந்து கையை எடுக்காமலே எட்டியப்பனைப் பார்த்தார்.

"எலே எட்டி, என் பங்கை நீ ஒழுங்காத் தேய்க்கல."

"அண்ணே, அப்படிச் சொல்லாதீங்க! உங்க பங்கைத்தான் முதல்ல தேய்ச்சேன். தலைவரோடதுகூட அதுக்கு அப்புறந்தான்."

"அப்படியா?" என்றார் தலைவர், சற்றே வருத்தத்துடன்.

மருத்துவரிடம் யார் போவது என்ற கேள்வி அடுத்து எழுந்தது. வைரவநாதன் போக முடியாது. வேலை நேரமான ஒன்பது முதல் ஐந்து வரை அவர் நாற்காலியை விட்டு எழக் கூடாது என்பது ஒன்பதாவது விதி. பல் மருத்துவமனையோ பத்திலிருந்து நான்கு வரைதான் திறந்திருக்கும். எனவே, பற்களைப் பற்றிச் சங்கத்திலேயே அதிக அனுபவமுள்ளவர் என்ற முறையில், எட்டியப்பனைப் பிரதிநிதியாக அனுப்பத் தீர்மானித்தார்கள். முத்திரை குத்திய அதிகாரக் கடிதமும் கொடுத்தார்கள். கடிதத்தில் முத்திரை விழுந்த கணத்தில் வைரவநாதனுக்கு வலி பாதி குறைந்தாற்போல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு எட்டியப்பன் தொலைபேசியில் அழைத்தான். எல்லோருக்கும் கேட்கும்படி அம்பலவாணன் ஸ்பீக்கரைப் போட்டார். டாக்டர் ஃபரீதாவின் குரல் கேட்டது.

"எங்க வலிக்குது?"

"சங்கத்துல டாக்டர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, மாவு மில்லுக்குப் பக்கத்துல."

"வாயை நல்லாத் திறங்க."

வைரவநாதன் இங்கே வாயை நன்றாகத் திறந்து தொலைபேசிக்கு நேராகக் காட்டினார். வெளிச்சம் போதாதென்று சொர்ணத்தம்மாள் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

"பல்லெல்லாம் தேய்ஞ்சு போயிருக்கே! ஒரு நாளைக்கு எத்தனை தடவை தேய்ப்பீங்க?"

"பத்துத்தான் டாக்டர். தலைவர் வீட்டு விசேஷம்னா கூட ரெண்டு."

டாக்டர் மிகவும் நிதானமாகச் சொன்னார்: "யாருக்குப் பல் வலிக்குதோ அவரே வரணும். அவர் வாயிலதான் நான் பார்க்க முடியும். அவரவர் பல்லை அவரவர்தான் தேய்க்கணும். புரியுதா?"

"புரியுது டாக்டர். அதிகாரக் கடிதத்துல இன்னொரு முத்திரை வேணுமா?"

வைரவநாதன் வாயை மூடினார். குறைந்திருந்த பாதி வலியும் திரும்பி வந்துவிட்டது.

புதன்கிழமை அவரே போனார். விதியை மீறாமல் போனார். நாற்காலியோடு அவரைத் தூக்கிச் சரக்கு ஆட்டோவில் ஏற்றினார்கள். அவர் எழவில்லை, ஆகவே விதி மீறப்படவும் இல்லை. மற்ற நால்வரும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வழியில் பார்த்தவர்கள் ஏதோ சுவாமி புறப்பாடு என்று எண்ணி ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு பெண்மணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வைரவநாதனும் வலி தாங்காமல் கன்னத்தில் கை வைத்திருந்ததால், அவர் பதில் மரியாதை செய்வதாக அவள் எண்ணிக்கொண்டாள்.

மருத்துவமனையில் இருந்த பெரிய சாய்வு நாற்காலிக்கு மாற அவர் மறுத்தார். டாக்டர் குனிந்துதான் பார்த்தார். படம் எடுத்தும் பார்த்தார்.

"பல் வேர் வரைக்கும் விரிசல் விட்டுச் சொத்தையாயிருக்கு. காப்பாத்த முடியாது, எடுத்துடணும். இங்க கையெழுத்துப் போடுங்க."

வைரவநாதன் பேனாவைத் தொடவில்லை.

"சங்கத்துச் சொத்துக்கு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது? நாளைக்குத் தணிக்கையில கேட்டா?"

"உங்க பல்லுங்க அது!"

"என்கிட்ட இருக்குது, அவ்வளவுதான்."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். அதற்குள் அங்கேயே அவசரக் கூட்டம் தொடங்கிவிட்டது. பொருளைத் தம் வசம் வைத்திருப்பவர் என்பதால் வைரவநாதனுக்கு வாக்கில்லை. எடுக்கலாம் என்று அம்பலவாணனும் சொர்ணத்தம்மாளும் கை தூக்கினார்கள். கூடாது என்று எட்டியப்பன் தழுதழுத்தான்.

"மூணு மாசம் கண்ணுங்கருத்துமாத் தேய்ச்ச பல்லு தலைவரே. எனக்கு மனசு வரல."

அந்தப் பல் விழுந்தால் நாற்காலி தனக்குத்தான் வரும் என்பது அவனுக்கு நினைவிலேயே இல்லை. அவன் அழுவதைப் பார்த்த தலைவர், தாமும் கூடாது என்று கை தூக்கினார். இரண்டுக்கு இரண்டு. சமமானால் தலைவர் இன்னொரு வாக்குப் போடலாம். அவர் எழுந்து நின்று, எடுக்கலாம் என்று போட்டார்.

"இப்பத்தானே கூடாதுன்னீங்க?" என்றார் டாக்டர்.

"அது பூவராகனாப் போட்ட ஓட்டும்மா. இது தலைவராப் போடறது. அந்த ஆளு பேச்சைக் கேட்டுக்கிட்டு நான் பதவி வகிக்க முடியுமா?"

"சங்கத்துக்காக, பொறுப்பாளர்" என்று எழுதிக் கையெழுத்திட்டார் வைரவநாதன். ஊசி போட்டு, மரத்துப்போன பிறகு டாக்டர் பல்லை எடுத்தார். சுத்தம் செய்து, சிறிய டப்பாவில் போட்டு, தலைவர் கேட்டபடி சங்கத்தின் பெயருக்கு ரசீதும் எழுதிக் கொடுத்தார். இரண்டு நாள் கடினமான எதையும் கடிக்க வேண்டாம் என்று இருமுறை சொல்லி அனுப்பினார்.

வலி போய்விட்டது. ஆனால் வைரவநாதனின் உத்தியோகமும் அதோடு போய்விடும்போல் இருந்தது. விதி குறிப்பிட்ட பல் இப்போது டப்பாவில் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு எண்ணாயிரம் முறுக்கும் கூடைகளில் தயாராக அடுக்கப்பட்டிருந்தன. அந்த வாரம் இன்னும் ஒரு "சரி"கூடச் சொல்லப்படவில்லை. அவர் நாற்காலியின் கைப்பிடியை ஒருமுறை தடவினார். பிறகு எழுந்தார்.

"எட்டி, வந்து உட்காருப்பா."

"நான் மாட்டேன்ணே. அது உங்க இடம்."

"விதி இருக்குல்ல."

அம்பலவாணன் கையை உயர்த்தினார். அவர் விதிப் புத்தகத்தை முகத்தருகே வைத்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் இருங்க. ஏழாவது விதியில, வைரவண்ணனோட பல்லால கடிச்சுப் பார்க்கணும்னு இருக்கு. அந்தப் பல்லு வாய்க்குள்ள இருந்தாகணும்னு எங்கயுமே இல்லையே!"

ஐவரும் ஒருவர் மாற்றி ஒருவராகப் படித்துப் பார்த்தார்கள். உண்மைதான், இல்லை.

அடுப்படியிலிருந்து இடுக்கி வந்தது. வைரவநாதன் மறுபடி நாற்காலியில் அமர்ந்து, பல்லை இடுக்கியில் பிடித்து, தட்டில் இருந்த முறுக்கின் மீது வைத்து அழுத்தினார். நொறுக்கென்று உடைந்தது. காதைச் சாய்த்துக் கேட்டார். பத்தொன்பது ஆண்டுகளில் இவ்வளவு தெளிவாக அந்த ஓசை அவருக்குக் கேட்டதில்லை. இடையில் வாய் இல்லையல்லவா.

"சரி!" என்றார்.

உடைந்த முறுக்கைச் சொர்ணத்தம்மாள் காக்கைக்குப் போட்டாள். நான்கு மணிக்கு வந்த வண்டி சரக்கோடு புறப்பட்டது. வைரவநாதன் உத்தியோகத்தில் நீடித்தார்.

கார்த்திகை ஒன்பதாம் தேதி காப்பீட்டு நிறுவனம், பல் எடுத்த கட்டணமாக ஆயிரத்து இருநூறு ரூபாயை டாக்டர் ஃபரீதாவுக்கு அனுப்பிற்று. மார்கழி இரண்டாம் தேதி, "எங்கள் பல் தொலைந்துபோகவில்லை, முழுநேரமும் வேலையில் உள்ளது, ஆகவே இழப்பீடு வேண்டியதில்லை" என்ற கடிதத்துடன் சங்கம் அதே ஆயிரத்து இருநூறை நிறுவனத்துக்கு மணியார்டரில் அனுப்பிவைத்தது. போகிக்கு முதல் நாள் பொங்கல் போனஸ் பட்டுவாடா நடந்தது. ஆறு பேருக்கு ஆளுக்கு ஐந்நூறு ரூபாய். ஆறாவதாக வந்தது பல். அதற்கு எழுதத் தெரியாதென்பதால், மைப் பெட்டியில் ஒற்றி எடுத்து வவுச்சரில் பதிய வைத்தார்கள். அதன் பணத்தை வைரவநாதன் வாங்கிக்கொண்டார். வாங்குபவர் பல்லுக்கு என்ன உறவு என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அம்பலவாணன் வெகுநேரம் யோசித்து, "முன்னாள் வீட்டுக்காரர்" என்று அதில் எழுதினார்.