சென்னியப்பன் சாரின் பன்னிரண்டடித் துணி

தறியில் உட்கார்ந்து நெய்கிறவருக்கு, தான் நெய்த துணியில் எவ்வளவு கண்ணுக்குத் தெரியும், சொல்லுங்கள் பார்ப்போம்?

ஒரு முழம். அவ்வளவுதான். மீதியெல்லாம் வயிற்றுக்கு முன்னால் இருக்கும் உருளையில் சுருண்டுகொண்டே போய்விடும்.

சென்னியப்பன் சாரின் குறையே அதுதான்.

"கோகிலா, நான் என்ன நெய்யறேன்னு எனக்கே தெரியலையேம்மா."

"நீலம் நெய்யறீங்க சார்."

"அது தெரியுது. மொத்தமா எப்படி வந்திருக்குன்னு தெரியலையே."

"மொத்தமா இன்னும் வரலீங்களே சார்."

சொல்லிவிட்டு அவள் தன் தறிக்குப் போய்விட்டாள்.

சார் முப்பத்திரண்டு வருஷம் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவர். கோகிலவாணி அவரிடம் ஆறாம் வகுப்பு படித்தவள். அவள் வரைந்த மாட்டுக்கு ஐந்து கால் இருக்கிறதென்று சொல்லி, வகுப்பையே சிரிக்க வைத்தவர் அவர்.

இப்போது அவள் நெய்கிற துணியை யாரும் உடுத்துவதில்லை. படத்தை மாட்டுவதுபோலச் சுவரில் மாட்டுகிறார்கள். நாலு ஊர்க் கண்காட்சியில் மாட்டியாகிவிட்டது.

ஓய்வு பெற்ற மறுமாதமே சார் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"எனக்கும் கத்துக்கொடும்மா."

"அஞ்சாவது வாலுங்க சார்."

"என்னது?"

"அந்த மாட்டுக்கு. அன்னைக்கே சொன்னேன், நீங்க காதுல வாங்கல. வாங்க சார், உள்ளே வாங்க. காப்பி குடிக்கிறீங்களா?"

அப்படித்தான் சார் அவளுக்குச் சீடரானார்.

ஒரு வருஷம் ஓடியது. கை பழகிவிட்டது. கோயம்புத்தூரில் ஐப்பசி மாதம் ஒரு கண்காட்சி. கோகிலா சொல்லி, அதில் சாருக்கும் ஓர் இடம் கிடைத்தது. பன்னிரண்டடி நீளத்தில் ஒரே துணி. அவருடைய முதல் துணி.

சும்மா இருப்பாரா? காலை நடைக்கு வருகிறவர்கள், பழைய தலைமையாசிரியர், மருந்துக்கடைக்காரர் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். "நடுக்கூடத்துல மாட்டறாங்க. வந்துடுங்க."

மகளிடமும் போனில் சொன்னார்.

"நல்லா வந்தா மாட்டுவாங்கப்பா" என்றாள் மகள்.

அந்த "நல்லா வந்தா" அவருக்குள் முள்ளாக நின்றுகொண்டது.

நல்லா வருகிறதா இல்லையா? பார்க்காமல் எப்படித் தெரியும்?

கோகிலா அடுப்படிக்குப் போகிற நேரம் பார்த்து, தறியின் பூட்டை எடுத்துவிடுவார். இழுப்பைத் தளர்த்துவார். உருளையைப் பின்னால் சுற்றித் துணியை அவிழ்ப்பார். பார்ப்பார். நன்றாகத்தான் இருக்கும். சத்தமில்லாமல் திரும்பச் சுற்றி, இழுத்துப் பூட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல உட்கார்ந்துகொள்வார்.

முதல் வாரம் மூன்று தடவை. இரண்டாம் வாரம் நாலு தடவை.

அடுப்படியிலிருந்து குரல் வரும்.

"தறிச் சத்தம் நின்னுபோச்சுங்களே சார்?"

"நூல் அறுந்துடுச்சும்மா."

"நூல் அறுந்தா 'அடடா'ம்பாங்க. நீங்க 'ஆஹா'ன்னீங்க."

ஒரு நாள் சார் மனம்விட்டே கேட்டுவிட்டார்.

"ஒரே ஒரு தடவை, நீயே முழுசா அவிழ்த்துக் காட்டிடும்மா. நல்லா வருதுன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் நிம்மதியா நெய்வேன்."

கோகிலா எழுந்தாள். உள்ளே போனாள். பழைய நூல்சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். சாரின் தறிக்குப் பக்கத்தில், விட்டத்தில் தூளி கட்டினாள். தன் எட்டு மாதக் குழந்தையைக் கொண்டுவந்து அதில் போட்டாள்.

"என்னம்மா இது?"

"பாப்பாங்க சார்."

"பாப்பான்னு தெரியுது. இங்கே எதுக்கு?"

"தறிச் சத்தம் கேட்டாத்தான் இவ தூங்குவா. சத்தம் நின்னா முழிச்சுக்குவா. முழிச்சா நீங்கதான் தூக்கி வெச்சுக்கோணும். எனக்கு மாவாட்டோணும், துணி துவைக்கோணும், தலைக்கு மேல வேலை கிடக்குது."

"நான் கேட்டதுக்கு இது பதிலா?"

அவள் அதற்குள் மாவாட்டப் போய்விட்டாள்.

எட்டு மாதக் குழந்தைக்கு என்ன தெரியும் என்று சார் நினைத்தார். கால்மணி நேரம் நெய்தார். பூட்டை மெதுவாக எடுத்தார். துணியை அவிழ்த்து எட்டிப் பார்த்தார்.

தூளி அசைந்தது.

பிறகு ஒரு கத்தல். எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றுகொண்டது.

முக்கால் மணி நேரம் தோளில் போட்டு உலாத்தினார். ஆனை வருது என்றார், பூனை வருது என்றார். பாப்பா சட்டையை நனைத்துவிட்டுச் சிரித்தது.

"சார், நல்லா வருதுங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் கோகிலா.

மறுநாளிலிருந்து சார் தறியை நிறுத்தவில்லை.

வலக்கை, இடக்கை. கால் மிதி, மறுகால் மிதி. காது தூளியில், கண் எதிரே இருக்கும் ஒரு முழத்தில். மூன்றாம் நாள் தானாக ஏதோ பாட்டு முணுமுணுத்தார். ஐந்தாம் நாள் பாப்பா விழித்து, கோகிலா வந்து தூக்கிப்போய், சோறு ஊட்டியும் முடித்துவிட்டாள். தூளி காலியாகத் தொங்கியது. சார் நெய்துகொண்டே இருந்தார்.

"சாப்பிடப் போகலீங்களா சார்?"

"மணி என்ன?"

"மூணு."

இன்னும் சில நாள் போயின.

"சார், பாவு நூல் முடிஞ்சுதுங்க."

"அதுக்குள்ளேயா?" என்றார் சார்.

அறுத்து எடுத்தார்கள். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து துணியைத் தொங்கவிட்டாள் கோகிலா. சார் கீழே வாசலில், பத்தடி தள்ளி நின்று அண்ணாந்து பார்த்தார்.

மேலே ஏழடிக்கு, மழை நின்ற பிறகு வருகிற ஆகாயம் மாதிரி நீலம். சீராக இறங்கி வந்தது.

கீழே ஐந்தடி, முதலில் நெய்த பகுதி. அதில் குறுக்கே கோடு. இன்னொரு கோடு. இன்னும் ஒன்று.

"கோகிலா! இதென்னம்மா கோடு?"

அவள் இறங்கி வந்தாள், பாப்பா இடுப்பில்.

"நீங்க பாத்த இடமுங்க சார்."

"புரியலை."

"இழுப்பைத் தளர்த்தி மறுபடி இறுக்கினா, அடுத்த இழை முன்ன மாதிரி உட்காராது. கிட்டக்க நின்னா தெரியாதுங்க. தள்ளி நின்னாத்தான் தெரியும்."

சார் எண்ணினார். "ஏழு தடவைதானே பார்த்தேன்? எட்டு இருக்கே?"

"எட்டாவது, இவ உங்க சட்டையை நனைச்ச அன்னைக்கு."

சார் மறுபடி ஒருமுறை எண்ணினார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லே?"

"சொல்லியிருந்தா பாக்காம இருந்திருப்பீங்களா சார்?"

யோசித்துப் பார்த்தார். பொய் சொல்ல வரவில்லை.

"இருந்திருக்க மாட்டேன்."

கோயம்புத்தூரில் கண்காட்சி திறக்கிற நாள் வந்தது. பழைய பஞ்சுக் கிடங்கு ஒன்றை வெள்ளையடித்து அரங்கம் ஆக்கியிருந்தார்கள். சாரின் மகள் பஸ் ஏறிவிட்டாள். ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவாள். காலை நடைக்காரர்கள் ஒரு வேன் பிடித்து வருகிறார்கள்.

கண்காட்சியை நடத்துகிற மிருதுளா மேடம் துணியை விரித்துப் பார்த்தார். பத்தடி தள்ளி நின்றார். பத்தடி தள்ளி நிற்கத் தெரிந்தவர்.

"மேலே ஏழடி பிரமாதம் சார். கீழே இந்த அஞ்சடியைப் பின்னால மடிச்சுத் தெச்சுடலாமா?"

"மடிக்கலாமா?"

"யாருக்கும் தெரியாது. நடுக்கூடத்துச் சுவரும் எட்டடிதான், கச்சிதமா உட்காரும். முழுசா மாட்டணும்னா பின்பக்கச் சுவர்தான் உசரம். ஆனா அங்கே..."

அங்கே ஒரு பெஞ்சில் மூன்று குடிதண்ணீர் கேன்கள் இருந்தன. பக்கத்தில் காகிதத் தம்ளர் வாளி.

"மடிச்சிடுங்க மேடம், மடிச்சிடுங்க" என்றார் சார். ஐந்தடி பாரம் மனசிலிருந்து இறங்கியது. மேடம் ஊசி நூல் எடுக்கப் போனார்.

"சரிதானே கோகிலா?"

"உங்க துணிங்க சார்."

அவள் பாப்பாவின் ஒற்றைச் சாக்ஸைத் தேடிக்கொண்டிருந்தாள்.

சார் நடுக்கூடத்தைச் சுற்றி வந்தார். கோகிலாவின் துணி அங்கே முன்பே மாட்டியாகிவிட்டது. செம்மண் நிறம், ஓர் ஆள் உயரம். அதற்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள். கணவர் விளக்கிக்கொண்டிருந்தார்.

"நடுவுல ஒரு கோடு போகுது பார். அதுதான் அடிவானம். மேலே ஆகாயம், கீழே கடல். ஒரே கோட்டுல எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

"கடல் ஏங்க செம்மண் கலர்ல இருக்கு?"

"அதுதான் கலை."

"ஓ" என்றாள் மனைவி, கடலை ஒருமுறை சந்தேகமாகப் பார்த்துவிட்டு.

சார் துணிக்குக் கிட்டே போனார். ஒன்றும் தெரியவில்லை. பத்தடி பின்னால் வந்தார்.

அந்தக் கோடு அவருக்குத் தெரிந்த கோடு.

"கோகிலா."

"சார்."

"அது அடிவானமா?"

கோகிலா சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"நானும் பாத்தேனுங்க சார்."

"நீயா!"

"நல்லா வருதான்னு பாத்தேன்."

"வந்துச்சா?"

"அதுவரைக்கும் நல்லாத்தான் வந்துச்சு."

சாருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"அந்த மனுஷன்கிட்ட சொல்லக் கூடாதா?"

"கேக்கலீங்களே."

"மேடம் மறைக்கச் சொல்லலையா?"

"சொன்னாங்க."

"அப்புறம்?"

"பாப்பாவுக்குப் பசிக்குது சார், வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சார் தன் துணி கிடந்த மேசைக்குத் திரும்பினார். மடிக்கப்போகிற ஐந்தடியைக் கையால் நீவினார். கிட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. முதல் கோடு, மகளிடம் போன் பேசிய மறுநாள். மூன்றாவது, தலைமையாசிரியர் வீட்டுக்கு வந்து "முடிஞ்சுதா?" என்று கேட்ட அன்று. ஒவ்வொன்றாக மேலே ஏறி வந்தார். எட்டாவதுக்கு வந்ததும் வாய்விட்டே சிரித்துவிட்டார்.

அதற்கு மேலே ஏழடி நீலம். அங்கே என்றைக்கு என்ன நடந்தது என்று அவருக்கு ஒன்றும் நினைவில்லை.

மேடம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே வந்தார்.

"அந்தப் பக்கம் பிடிங்க சார், மடிச்சுடலாம்."

போன் அடித்தது. மகள்.

"வந்துட்டேம்ப்பா. நடுக்கூடம்தானே?"

"உள்ளே நேரா வந்துடு கண்ணு. பின்பக்கச் சுவர்."

சார் துணியை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மேடம் ஊசியும் கையுமாகப் பின்னாலேயே ஓடிவந்தார்.

பின்பக்கச் சுவருக்கு முன்னால் சார் நின்றார். மேலே அண்ணாந்து பார்த்தார், கீழே குனிந்து பார்த்தார்.

"மேடம், இந்தத் தண்ணி கேனை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்க."