பூவணநாதர் குடிக்காத குவளை

முன்னொரு காலத்தில் செம்பாறை நாட்டை விசயகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டான். அவனுக்குப் பச்சைப் பட்டு என்றால் உயிர். அந்தப் பட்டுக்குச் சாயம் ஏற்ற மயில்துத்தம் என்ற விஷ உப்பைக் கரைக்க வேண்டும். சாயப்பட்டறையை நடத்தியவர் பூவணநாதர் என்ற அமைச்சர். கழிவெல்லாம் ஊர் ஏரியில்தான் விழுந்தது.

அந்தத் தண்ணீரைக் குடித்துப் பிள்ளைகள் வாந்தியெடுத்தார்கள். பானை வனையும் மாடாத்தியின் மகள் ஐந்து வயதில் செத்தே போனாள். பட்டறையை மூடச் சொல்லி மாடாத்தி மூன்று மாதம் அரண்மனை வாசலில் நின்றாள். உள்ளே விடவில்லை. ராஜாவுக்கு அப்போது புறாப் பந்தயம், பாவம்.

ஒருவழியாகக் கூப்பிட்டபோது பூவணநாதர் முந்திக்கொண்டார்.

“மகாராஜா, தண்ணீர் கொஞ்சம் கலங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டு ஊற்றினால் தெளிந்துவிடும். எல்லா வீட்டிலும் செய்வதுதானே? இதற்காகவா பட்டறையை மூடுவது?”

பட்டு பிழைத்ததில் ராஜாவுக்கு ஒரே மகிழ்ச்சி. “நாளைக்கு நீயே தெளியவைத்துக் கொண்டு வா, அம்மா. தெளிந்தால் வழக்கு முடிந்தது.”

மறுநாள் மாடாத்தி இரண்டு பானைகளோடு வந்தாள். ஒன்றில் தெளிந்த நீர். இன்னொன்றில் செம்மண் கலங்கல்.

“எது நல்ல தண்ணின்னு நீங்களே சொல்லுங்க, ஐயா,” என்றாள் பூவணநாதரிடம்.

“இதில் என்ன சந்தேகம்? தெளிந்ததுதான்,” என்று அவர் சிரித்தார்.

“அப்ப ஒரு குவளை குடிங்க. உங்க பட்டறை மதகுகிட்ட மொண்டது. நீங்க சொன்ன மாதிரியே கொட்டை உரைச்சுத் தெளியவச்சேன்.”

குவளை உதடுவரை போய் நின்றது.

“ஏன் குடிக்கவில்லை?” என்றான் ராஜா.

“அதில்... துத்தம்...” என்று பூவணநாதர் குழறினார்.

“கொட்டை மண்ணைத்தான் அடியில உட்கார வைக்கும் சாமி. கரைஞ்ச விஷத்தை ஒண்ணும் செய்யாது. அது ஐயாவுக்கு நேத்தே தெரியும்,” என்ற மாடாத்தி, கலங்கிய பானையைத் தூக்கி மடமடவென்று குடித்தாள். “இது மழைத்தண்ணி. நல்ல செம்மண்ணை நான்தான் கரைச்சேன்.”

அன்றே பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. ஏரி சுத்தமாகும்வரை பூவணநாதர் தன் கையாலேயே சேறு அள்ள வேண்டும் என்று ராஜா தீர்ப்புச் சொன்னான். பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி, “உன் புத்திக்கு இது பரிசு,” என்று நீட்டினான்.

மாடாத்தி அதை வாங்கவில்லை.

“இந்தப் புத்தி மூணு மாசமா உங்க வாசல்லதான் நின்னுச்சு சாமி. மாலை போட்டுக்க வேண்டியவ போய்ட்டா.”

அதன்பிறகு ராஜா பச்சைப் பட்டே உடுத்தவில்லையாம். நல்ல ராஜாதான். கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.