வாய்க்கால் அபராதம்

"இந்த ஊர்ப் பயலுவளுக்கு மானம் ரோஷமே கிடையாதா தாயி?"

கத்திக்கொண்டேதான் வந்தார் கோமதிநாயகம். அவர் ஊர்த்தலைவர். அறுபதைத் தாண்டியவர். மடத்து அம்மாளிடம் சீடராகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அம்மாளுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும்.

அம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. வாய்க்காலுக்குள் இடுப்பளவு சேற்றில் நின்று, தண்ணீரை மறித்து மண்டிக் கிடந்த அமலைச் செடியை அறுத்துக் கரையில் எறிந்துகொண்டிருந்தாள்.

கூட முப்பிடாதி மட்டும். கடைமடையில் அவளுக்கு ஒரு துண்டு வயல். அணை திறந்தும் தண்ணீர் அங்கே எட்டவில்லை, வழியெல்லாம் செடி அடைத்துக் கிடக்கிறது. நாற்று பழுத்துவிட்டது. இது போனால் அவள் வீட்டில் இந்த வருஷம் உலை கொதிக்காது.

"வாய்க்கால் வெட்ட வீட்டுக்கு ஒரு ஆள் வரணும்னு மைக்ல சொன்னேன். ஒரு பய வரல."

"முன்னால வந்தாங்களா?"

"வந்தானுவ. ஏழெட்டுப் பேரு மட்டும் டிமிக்கி குடுப்பானுவ. அவனுவளத் திருத்தத்தான் வராதவன் ஐந்நூறு ரூவா கட்டணும்னு போட்டேன்."

"கட்டுனாங்களா?"

"அதான தாயி வயித்தெரிச்சல்! ஊரே கட்டிருச்சு."

முன்பெல்லாம் வேலைக்கு வராதவன் ஒரு மாசத்துக்கு டீக்கடைப் பக்கம் தலைகாட்ட மாட்டான். இப்போது அவனே பெஞ்சில் காலாட்டிக்கொண்டு, "நான்தான் கட்டிட்டம்லா" என்கிறான். ஒழுங்காக வந்துகொண்டிருந்தவனும் பக்கத்தில் உட்கார்ந்து வடை தின்கிறான். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

"அந்தத் துட்டுக்கு ஆள் வச்சு வெட்டலாம்லா?"

"ஆள் எங்க தாயி கிடைக்கு? எல்லாப் பயலும் துட்டக் கட்டிட்டு வீட்ல படுத்துக் கிடக்கான்."

முப்பிடாதி அறுப்பதை நிறுத்தவில்லை.

கோமதிநாயகம் கரையிலேயே நின்று யோசித்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஐந்நூறு காணாது தாயி. ஆயிரமா ஏத்திருதேன். அப்பத்தான் பயப்படுவானுவ."

அம்மாள் அரிவாளைக் கரையில் வைத்தாள். மேலே ஏறி வந்தாள்.

பளாரென்று ஓர் அறை.

"ஐயோ, சாமி!" என்றாள் முப்பிடாதி.

கோமதிநாயகத்தின் கன்னத்தில் சேறு வழிந்தது. பெற்ற தகப்பன்கூட அவர்மேல் கை நீட்டியதில்லை. குருவாவது மண்ணாவது, அவரும் கையை ஓங்கிவிட்டார்.

"ஏன் அடிச்ச?"

அம்மாள் மடியில் முடிந்திருந்த காணிக்கைப் பணத்திலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை உருவினாள். அவர் சட்டைப் பையில் செருகினாள்.

"கட்டிட்டம்லா."

"என்னத்தக் கட்டுன?"

"அபராதம். தலைவர அடிச்சா ஐந்நூறு. நானே போட்டுக்கிட்டேன்."

"துட்டக் குடுத்தாச் சரியாப் போச்சா? ஒரு பொம்பளை பாக்க என் மானத்த வாங்கிட்டு, பையில தாளையா சொருகுத?"

"எனக்குச் சரியாப் போச்சு. அடிக்கும்போது கை கூசத்தான் செஞ்சுது. கட்டுனதும் கூச்சம் போயிருச்சு."

கோமதிநாயகம் தாளை உருவிச் சேற்றில் எறிந்தார். ஓங்கிய கை மட்டும் அப்படியே நின்றது.

"ஆயிரமா ஏத்தப்போறேன்னீரே, ஏத்தும்," என்றாள் அம்மாள். அவள் கை மறுபடியும் உயர்ந்தது. "துட்டு இருக்கு."