பாலம் வரை

கிறிஸ்துமஸ் முடிந்து, புத்தாண்டும் பிறந்து, மூன்று வாரம் ஆகியிருந்தது. கொடைக்கானல் மலைச்சரிவில் ஒரு சிறிய தியான இல்லம். அதை நடத்திவந்த சிஸ்டர் ரெஜினாளும் அவருடைய சீடர் இன்னாசியும் தினமும் காலையில் நடக்கப் போவார்கள். அந்த நேரத்தில் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். சிஸ்டருக்கு நாற்பத்தைந்து வயது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியரான இன்னாசிக்கு அறுபத்தெட்டு.

இன்னாசிக்கு ஒரே தங்கை, பிலோமினா. லாரி ஓட்டும் தேவசகாயத்தை அவள் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் அவள் வீட்டு வாசலை மிதித்ததில்லை. முப்பத்தோரு வருடம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் போன் செய்து கூப்பிடுவாள். இந்த முறையும் கூப்பிட்டாள். "பார்க்கலாம்" என்றார். போகவில்லை.

டிசம்பர் முப்பதாம் தேதி அவள் மாரடைப்பில் போய்விட்டாள். கல்லறைத் தோட்டத்தில் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுவிட்டு, யார் கண்ணிலும் படாமல் இன்னாசி திரும்பிவிட்டார்.

"நடந்தா மனசு ஆறும்னு சொன்னீங்க, சிஸ்டர். இருபது நாளா நடக்கிறேன். ஆறலையே."

"தினம் எதுவரைக்கும் போறோம், சார்?"

"பாலம் வரைக்கும்."

"பாலத்துக்கு அந்தப் பக்கம்?"

அந்தப் பக்கம், ஒரு கிலோமீட்டரில், பிலோமினாவின் வீடு.

பாலம் வந்ததும் அவர் வழக்கம்போலத் திரும்பினார். சிஸ்டர் திரும்பவில்லை, மேலே நடந்தார். இன்னாசி பாலத்துச் சுவரைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சிஸ்டர் பின்னாலேயே போனார்.

தேவசகாயம் வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். இன்னாசியைக் கண்டதும் போர்வையை விலக்கிவிட்டு எழுந்தார்.

"வாங்க மச்சான்."



அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை இறக்கிவிட்டிருந்தார்கள். இந்த வீட்டில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. பனியில் நனைந்து காகிதம் வெளுத்திருந்தது. ஒரு முனை கிழிந்திருந்தது.

"இன்னும் எடுக்கலையா?" என்று சிஸ்டர் கேட்டார்.

"அண்ணன் வந்து பார்க்கிறவரைக்கும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தா. எல்லா வருஷமும் சொல்றதுதான். பொங்கல் தாண்டினதும் அவளே எடுத்துருவா."

இன்னாசி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மப்ளரால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். யாரும் தடுக்கவில்லை.

"பிந்திட்டேனே, சிஸ்டர். இனிமே நான் வந்து என்ன ஆகப்போகுது?"

தேவசகாயம் உள்ளே போய் ஒரு நாற்காலியை எடுத்துவந்து நட்சத்திரத்துக்குக் கீழே போட்டார். ஒரு காலைத் தூக்கி வைத்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இறங்கி, மூச்சு வாங்க நின்றார்.

சிஸ்டர் போய் நாற்காலியை அசையாமல் பிடித்துக்கொண்டார்.

"அவரால முடியலை. நீங்க ஏறுங்க, சார்."